தாவர பேக்கன் வீட்டில் செய்வது எப்படி: முதலில் நீரை வெளியேற்றுங்கள்

தாவரப் பொருட்களில் பேக்கன் (உப்பும் புகையும் ஏற்றிய பன்றி இறைச்சித் துண்டு) செய்து பார்ப்பவர்கள் சுவையில் தோற்பது அபூர்வம். உப்பு, புகை, லேசான இனிப்பு, உமாமி (இறைச்சி, காளானில் வரும் நாவூறும் சுவை), எண்ணெய்ப் பசை ஆகிய ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் சரியாகக் கலந்தாலே சுவை வந்துவிடும். சறுக்குவது பதத்தில். ஓரம் கருகி, நடுவில் சவசவவென்று, அரை மணி நேரத்தில் தொய்ந்துபோகும் துண்டுகள்தான் பலருக்கும் கிடைக்கின்றன.

இதற்குக் காரணம் நீர். கிங் ஆய்ஸ்டர் காளானின் எடையில் 85 முதல் 90 சதவீதம் நீர்தான். கெட்டியான டோஃபுவிலும் (சோயா பன்னீர்) முக்கால் பங்குக்குப் பக்கமாக நீர் இருக்கும். இவற்றை மசாலாச் சாறில் ஊறவைத்தால் ஈரம் இன்னும் கூடுகிறது. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வேகமாக உருவாக 140 டிகிரியாவது வேண்டும். மெல்லிய ஓரங்கள் முதலில் காய்ந்து அந்த வெப்பத்தை எட்டிவிடும். அங்குள்ள சர்க்கரை கருகும் நேரத்தில் நடுப்பகுதி இன்னும் ஆவியில் வெந்துகொண்டிருக்கும்.

ஆகவே பொருள் எதுவானாலும் வரிசை இதுதான்: முதலில் நீரை வெளியேற்றுங்கள், பிறகு சாறை ஏற்றுங்கள், இனிப்பைக் கடைசியில் சேருங்கள். 'இரவு முழுவதும் ஊறவையுங்கள்' என்று சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. டோஃபுவைப் பொறுத்தவரை அது வீண் காத்திருப்பு. நீர் நிறைந்த துண்டுக்குள் சாறு மெதுவாகத்தான் இறங்கும். நீர் போன துண்டோ, சூடாக இருக்கும்போதே சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும்.

அடிப்படைச் சாறு

400 கிராம் டோஃபுவுக்கோ 300 கிராம் காளானுக்கோ இந்த அளவு சரியாக இருக்கும். அரிசித் தாள் (அரிசி மாவில் செய்த மெல்லிய உலர்ந்த தாள்) என்றால் 8 தாளுக்கு இதில் பாதி போதும்.

- சோயா சாஸ்: 3 மேசைக்கரண்டி (45 மி.லி.)
- மணமில்லாத எண்ணெய்: 2 மேசைக்கரண்டி (30 மி.லி.)
- நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சுவைக்காகச் சேர்க்கும் செயலிழந்த ஈஸ்ட் செதில்): 1 மேசைக்கரண்டி
- ஸ்மோக்ட் பாப்ரிகா (புகையில் உலர்த்திய சிவப்பு மிளகாய்த் தூள்): 1½ தேக்கரண்டி
- தக்காளி பேஸ்ட்: 1 தேக்கரண்டி
- லிக்விட் ஸ்மோக்: ½ முதல் 1 தேக்கரண்டி
- ஆப்பிள் சைடர் வினிகர்: 1 தேக்கரண்டி
- பூண்டுத் தூள், மிளகுத் தூள்: தலா ½ தேக்கரண்டி
- தனியாக வைக்க: மேப்பிள் சிரப் 1 மேசைக்கரண்டி, அல்லது அதே அளவு பழுப்புச் சர்க்கரையை 2 தேக்கரண்டி வெந்நீரில் கரைத்தது

உப்பு தனியாகத் தேவையில்லை. சாதாரண சோயா சாஸ் 3 மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் உப்பு இருக்கிறது. சாறை நக்கிப் பார்த்தால் கரிப்பாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். உப்பைக் குறைக்க நினைத்தால் உப்பு குறைந்த சோயா சாஸ் வாங்குங்கள். சாதாரண சாஸில் நீர் ஊற்றி நீர்க்க வைத்தால், கஷ்டப்பட்டு வெளியேற்றிய நீரைத் திரும்ப உள்ளே விட்டதாகிவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், கோதுமை சேர்க்கவில்லை என்று லேபிளில் போட்டிருக்கும் தமாரியை (சோயா சாஸின் ஒரு வகை) பயன்படுத்தலாம்.

புகை மணம்தான் இந்தச் சாறின் உயிர். அதில் கை மீறினால் முழுவதும் வீணாகிவிடும். விறகுப் புகையைக் குளிரவைத்து நீரில் பிடித்தெடுத்த வடிநீர்தான் லிக்விட் ஸ்மோக். மரத்தில் உள்ள லிக்னின் சிதையும்போது வெளிவரும் குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள்தான் அந்த மணத்தைத் தருகின்றன. அளவு கூடினால் அதே சேர்மங்கள் நாக்கில் சாம்பல் கசப்பாகத் தெரியும். பிராண்டுக்கு பிராண்டு அடர்த்தி மாறுவதால் முதல் முறை அரை தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டில் கிடைக்காவிட்டால், பைன் மரப் புகையில் உலர்த்தப்படும் லாப்சாங் சூச்சோங் தேயிலை நல்ல மாற்று. 1 மேசைக்கரண்டி தேயிலையை 60 மி.லி. வெந்நீரில் 10 நிமிடம் வைத்து வடிகட்டி, அந்த நீரை 1 மேசைக்கரண்டியாகச் சுண்டும்வரை காய்ச்சிச் சேருங்கள். ஸ்மோக்ட் பாப்ரிகாவை எக்காரணம் கொண்டும் விடவேண்டாம், அது புகையோடு நிறத்தையும் தருகிறது. ஸ்பெயினின் லா வேரா பகுதிப் பாப்ரிகா ஓக் மரப் புகையில் உலர்த்தப்படுவது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரண பாப்ரிகாவில் நிறம் மட்டும்தான் வரும்.

உமாமிக்கு சோயா சாஸ், தக்காளி, ஈஸ்ட் மூன்றிலும் அந்தச் சுவையைத் தரும் குளுட்டமேட் இருக்கிறது. உலர்ந்த ஷிட்டாகே காளானைப் பொடித்து 1 தேக்கரண்டி சேர்த்தால் அதிலுள்ள குவானிலேட் என்ற இன்னொரு உமாமிச் சேர்மமும் கூடும். இரண்டும் சேரும்போது உமாமி பல மடங்கு தூக்கலாகத் தெரியும். கூடுதல் செலவுக்கும் வேலைக்கும் தகுந்த பலன் தரும் சேர்க்கை என்றால் அது இதுதான்.

எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், அதனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குலுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் துண்டுகளுக்கு எண்ணெயும் கடைசித் துண்டுகளுக்கு உப்பும்தான் போய்ச் சேரும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

டோஃபு: கடிக்கத் தகுந்த துண்டுகள்

சாண்ட்விச்சுக்கு ஏற்றது டோஃபு. ஈரமான தக்காளியின் பக்கத்தில் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும்.

'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று போட்டிருக்கும் 400 கிராம் கட்டியை எடுங்கள். சில்கன் டோஃபு எந்த விதத்திலும் சரிவராது. கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு பலகை, அதன்மேல் 2 கிலோ எடை வைத்து 30 நிமிடம் விடுங்கள். எடையை மேலும் கூட்டினால் ஓரங்கள் பிளக்கும். பிறகு நீளவாட்டில் 3 மி.மீ. தடிமனுக்கு வெட்டுங்கள். 2 மி.மீ.க்குக் கீழே போனால் திருப்பும்போது உடையும். 5 மி.மீ. ஆனால் அது வறுத்த டோஃபுதான், பேக்கன் ஆகாது.

ஃப்ரீசரில் உறையவைத்து இளக்கினால் டோஃபு நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை. நீர் உறையும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, புரத வலையைக் கிழித்துத் துளைகளை உண்டாக்குகிறது. ஆனால் அந்தத் துளைகளாலேயே மெல்லிய துண்டுகள் கிழிந்துவிடும். உதிர்த்துத் தூவும் பேக்கன் துகள் வேண்டுமானால் உறையவையுங்கள். நீளத் துண்டுகள் வேண்டுமானால் அழுத்துவதோடு நிறுத்துங்கள்.

தட்டையான வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். இப்போது மசாலா எதுவும் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் சலசலவென்று சத்தம் வரும். வெளியேறும் நீர் எண்ணெயில் பட்டு எழுப்பும் சத்தம் அது. சத்தம் அடங்கி, விளிம்பு பொன்னிறமாகி, துண்டு வாணலியை விட்டுத் தானாக நகரும்போது திருப்புங்கள். ஒரு பக்கத்துக்கு 4 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்கு முன் கிளறினால் அடி ஒட்டிக்கொண்டு மேல்பகுதி மட்டும் கையோடு வரும்.

இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, அரை நிமிடம் கழித்துச் சாறை ஊற்றுங்கள். அடுப்பில் இருக்கும்போதே ஊற்றினால் கொதிக்கும் எண்ணெய் தெறிக்கும். சூடான துண்டுகள் சாறை இழுத்துக்கொள்ள 5 நிமிடம் கொடுத்து, இடையில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். மறுபடி சிறுதீயில் வைத்து, சாறு கெட்டியானதும் மேப்பிள் சிரப்பை விட்டு, ஒன்றரை நிமிடம் புரட்டி இறக்குங்கள். சிரப்பில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அதை முதலிலேயே சேர்த்தால் ஏன் கருகுகிறது என்பது இதிலேயே விளங்கும்.

டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) வைத்திருப்பவர்களும் இதே வழியில் செய்யலாம். 4 மி.மீ. துண்டுகளாக்கி, முதலில் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்தால் கசப்பு குறையும். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு வாணலியில் போடுங்கள்.

கிங் ஆய்ஸ்டர் காளான்: தராசு வைத்துச் செய்யுங்கள்

இழைகள் நீளவாட்டில் ஓடும் காளான் இது. அதனால் கடிக்கும்போது இறைச்சி போலவே நார்நாராகப் பிரியும். பதத்தில் அசல் பேக்கனுக்கு மிக நெருங்கி வருவது எங்கள் கணிப்பில் இதுதான்.

காளானைக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். 300 கிராம் எடுத்து, தண்டை நீளவாட்டில் 3 மி.மீ. துண்டுகளாக்குங்கள். பேக்கிங் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, எண்ணெயோ உப்போ இல்லாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, 150 டிகிரி ஓவனில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். பாதியில் திருப்பிவிடுங்கள். ஓவன் கதவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடிகள் திறந்தால் உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எடையைப் பாருங்கள். 300 கிராம் 150 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். 200 கிராமில் அவசரப்பட்டு எடுத்தால் கடைசியில் ரப்பர் போல இழுபடும். 100 கிராமுக்குக் கீழே போனால் சாறை உறிஞ்சிய பிறகும் தோல் போலக் காய்ந்தே இருக்கும். பாதி எடையில் துண்டுகள் சுருங்கி, தொட்டால் உலர்வாக, மடித்தால் உடையாமல் வளையும்.

அடுத்து, சிரப்பையும் கலந்த சாறில் 10 நிமிடம் புரட்டி வைத்து, மிச்சத்தை வடித்துவிட்டு, 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் சுடுங்கள். 6 நிமிடம் ஆனதும் பக்கத்திலேயே நில்லுங்கள். ஓவனில் எல்லா மூலையும் ஒரே சூடாக இருக்காது. முதலில் கருத்த துண்டை முதலில் எடுங்கள். வெளியே எடுத்தபோது இன்னும் வளைகிறதே என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். கம்பித் தட்டில் 5 நிமிடம் ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

அரிசித் தாள்: வேகமானது, ஆனால் உடனே சாப்பிட வேண்டியது

வட்டமான அரிசித் தாள்களில் வரும் மொறுமொறுப்பு மற்ற எதிலும் வராது. குறைந்த செலவு, 20 நிமிட வேலை. ஆனால் காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொய்ந்துவிடும். விருந்துக்கு முன்கூட்டியே செய்துவைக்க ஏற்றதல்ல.

இதிலும் ஆதாரப் பிரச்சினை நீர்தான். தாள் முதலிலேயே உலர்ந்தது, அதை நனைப்பது நாம்தான். எனவே எவ்வளவு குறைவாக நனைக்கிறோம் என்பதில்தான் வெற்றி. ஒரு அகலமான தட்டில் சாதாரண நீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெந்நீர் வேண்டாம். ஒரு தாளை 2 விநாடி முக்கி எடுத்துப் பலகையில் வையுங்கள். இன்னும் விறைப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இரண்டாவதையும் அப்படியே முக்கி அதன்மேல் ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுங்கள். ஒற்றைத் தாள் சருகு போல நொறுங்கும். இரட்டைத் தாளில்தான் கடிபடும் பதம் கிடைக்கும். அரை நிமிடத்தில் இரண்டும் ஒட்டி, வளையத் தொடங்கியதும் கத்தரிக்கோலால் 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். பிளேடில் எண்ணெய் தடவினால் ஒட்டாது. பட்டைகள் கையில் குழைந்து தொங்கினால் அதிகம் நனைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவற்றைக் காப்பாற்ற முடியாது, அடுத்த ஜோடிக்குப் போங்கள்.

சாறில் இங்கே சிரப்பை முதலிலேயே கலந்துவிடலாம், ஏனென்றால் சுடும் நேரம் மிகக் குறைவு. பாதிச் சாறுக்கு 1 தேக்கரண்டி போதும். பட்டைகளை முக்காமல் பிரஷால் இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். கொழுப்புக் கோடு வேண்டுமானால் பட்டையின் நடுவில் ஒரு செ.மீ. அகலத்துக்குச் சாறு படாமல் விட்டு, அந்த இடத்தில் வெறும் எண்ணெயும் ஒரு துளி உப்பும் தடவுங்கள். சூட்டில் அந்தக் கோடு மட்டும் வெள்ளையாக, சிறு சிறு குமிழோடு பொங்கி நிற்கும், இரண்டு பக்கமும் செம்பழுப்பாகும். பார்த்த மாத்திரத்தில் பேக்கன் என்று தோன்றுவதற்கு இந்த ஒரு கோடே போதும்.

200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில், நடு அடுக்கில் 7 முதல் 9 நிமிடம் சுடுங்கள். திருப்ப வேண்டியதில்லை. சூட்டைக் குறைத்து நீண்ட நேரம் சுடலாம் என்று நினைக்கவேண்டாம். வேகமான சூட்டில்தான் தாளில் மிஞ்சிய நீர் திடீரென்று ஆவியாகி மாவுச்சத்தைப் பொங்கவைக்கும். 160 டிகிரியில் அது பொங்காமலே உலர்ந்து கண்ணாடிபோல் கெட்டியாகும், பல்லே வலிக்கும். எண்ணெய் குறைந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான். ஓரங்கள் மேலே சுருண்டு, கரண்டி நுனியால் தட்டும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் எடுத்துவிடலாம்.

ஏர் ஃப்ரையரில் செய்தால் 180 டிகிரி, 4 முதல் 5 நிமிடம். மேலே கம்பித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் விசிறிக் காற்றில் பட்டைகள் பறந்து ஹீட்டர் கம்பியில் ஒட்டி எரியும்.

கோதுமைக் குளூட்டன்: வெட்டி வைத்துக்கொள்ளும் கட்டி

வேலை அதிகம். ஆனால் ஒருமுறை செய்தால் பல நாள் காலை உணவுக்கு வரும். கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்களுக்கு இது அறவே கூடாது.

சிவப்பு மாவுக்கு: வைட்டல் வீட் குளூட்டன் (கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த புரதத் தூள்) 150 கிராம், கடலை மாவு 30 கிராம், நியூட்ரிஷனல் ஈஸ்ட் 2 மேசைக்கரண்டி, ஸ்மோக்ட் பாப்ரிகா 1 மேசைக்கரண்டி, பூண்டுத் தூள் 1 தேக்கரண்டி. இதில் சோயா சாஸ் 45 மி.லி., தக்காளி பேஸ்ட், மேப்பிள் சிரப், எண்ணெய் தலா 1 மேசைக்கரண்டி, லிக்விட் ஸ்மோக் 1 தேக்கரண்டி, நீர் 100 மி.லி. ஆகியவற்றைக் கலந்து ஊற்றிப் பிசையுங்கள். வெள்ளை மாவுக்கு: குளூட்டன் 40 கிராம், மரவள்ளி மாவு 30 கிராம், உப்பு ½ தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, நீர் 60 மி.லி. வெள்ளையில் மாவுச்சத்தை வேண்டுமென்றே கூட்டியிருக்கிறோம். குளூட்டன் குறைந்த பகுதி மென்மையாக வெந்து கொழுப்பின் இடத்தை நிரப்பும்.

பிசைவது ஒன்றிரண்டு நிமிடம் போதும். சப்பாத்தி மாவுக்குச் செய்வதுபோல் நேரம் எடுத்துப் பிசைந்தால் குளூட்டன் இறுகி, மெல்லவே முடியாத கட்டியாகிவிடும். 15 நிமிடம் ஓய்வு கொடுத்தபின் சிவப்பு மாவை மூன்றாகவும் வெள்ளையை இரண்டாகவும் பிரித்துத் தட்டி, மாறிமாறி அடுக்குங்கள். அடுக்குகளை ஒரே சீராக வைக்காமல் அங்கங்கே தடிமனை மாற்றினால் கோடுகள் இயல்பாக வரும். நன்றாக அழுத்தி, பட்டர் பேப்பரில் ஒருமுறையும் அலுமினியத் தாளில் ஒருமுறையும் இறுக்கமாகச் சுற்றி, 60 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். தளர்வாகச் சுற்றினால் கட்டி பொங்கி உள்ளே பஞ்சுபோலாகும். கொதிநீரில் போட்டாலும் அதேதான்.

வெந்ததும் உடனே வெட்டத் தோன்றும், வேண்டாம். சூட்டில் அடுக்குகள் கத்தியோடு பிரிந்து வரும். ஆறவைத்து, ஒரு இரவு ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, கூர்மையான கத்தியால் 2 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். வாணலியில் தாராளமாக எண்ணெய் விட்டு, ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம். இறக்கும் முன் அடிப்படைச் சாறு ஒரு கரண்டி விட்டுப் புரட்டினால் மேல்பூச்சு பளபளக்கும்.

தூவுவதற்கு மட்டும் ஏதாவது வேண்டுமென்றால் இனிப்பில்லாத பெரிய தேங்காய்ச் சீவல் 100 கிராமில் சோயா சாஸ், சிரப் தலா 1 மேசைக்கரண்டியும், லிக்விட் ஸ்மோக், ஸ்மோக்ட் பாப்ரிகா தலா ½ தேக்கரண்டியும் பிசிறி, 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிச் சுடுங்கள். தேங்காயிலேயே கொழுப்பு நிறைய இருப்பதால் எண்ணெய் வேண்டாம். ஆறிய பிறகுதான் மொறுமொறுக்கும்.

எடுத்துவைப்பது

எதையும் சூட்டோடு டப்பாவில் மூடாதீர்கள். மூடியில் ஆவி படிந்து துண்டுகளின் மேலேயே சொட்டும். முழுவதும் ஆறியபின், அடியில் ஒரு காகிதத் துவாலை போட்டு அடுக்குங்கள். டோஃபு, காளான், குளூட்டன் மூன்றும் ஃபிரிட்ஜில் 4 நாள் நன்றாக இருக்கும். குளூட்டன் துண்டுகளை இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து உறையவைத்தால் இரண்டு மாதம் வரை எடுத்துப் பயன்படுத்தலாம். தேங்காயைக் காற்றுப் புகாத பாட்டிலில் வெளியிலேயே ஒரு வாரம் வைக்கலாம்.

மைக்ரோவேவில் சூடாக்கினால் எல்லாமே தொய்ந்துபோகும். தொய்ந்த அரிசித் தாளை 180 டிகிரி ஓவனில் 2 முதல் 3 நிமிடமும், டோஃபுவையும் காளானையும் எண்ணெய் விடாத வாணலியில் மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடமும் வையுங்கள். குளூட்டனை மட்டும் உறைந்த நிலையிலேயே நேராக எண்ணெயில் போடலாம். மேலே பனித்துகள் படிந்திருந்தால் தட்டி உதறிவிட்டுப் போடுங்கள், தெறிக்காது.